அளவுகோலை நீட்டிப் பார்ப்போம்: சுவை மதிப்பீடுகளுக்கு ஏற்ற புள்ளியியல் சோதனையைத் தேர்ந்தெடுத்தல்



மொழிக்கென அமைந்த இந்த மேடையில் புள்ளியியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்துமா என்று ஐயுறுவோருக்கு முதலிலேயே ஒரு விளக்கம் தந்துவிடுகிறேன். ஒருவர் ஒரு பானத்தை அருந்துகிறார். “பிடித்திருக்கிறது” என்கிறார். படிவத்தில் அந்தச் சொல்லுக்கு எதிரே 4 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அடுத்த கணம் அவருடைய சொல் மறைந்து, 4 என்ற எண் மட்டும் கணினிக்குள் நுழைகிறது. அதன்பின் கூட்டலும் வகுத்தலும் நடக்கின்றன. சராசரி ஒன்று விடையாக வருகிறது. அந்த விடையை நம்பி ஒரு முடிவும் எடுக்கப்படுகிறது. சொல் எண்ணாக மாறிய அந்த இடத்தில் நிகழ்ந்தது என்ன, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறியீடு 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் பொட்டலத்திலும் விற்கப்படும் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் புதிதாகத் தயாரித்துத் தரப்படும் பானங்களுக்கும் வந்தது. ஏ முதல் டி வரை நான்கு தரங்கள். சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் கூடக்கூடத் தரம் இறங்கும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தப் பானம் டி தரத்தில் போய் நிற்கும்.

இத்தகைய விதிகள் வந்தபின், பானம் தயாரிக்கும் ஒவ்வொருவர் முன்னும் ஒரே வினா எழுகிறது: சர்க்கரையைக் குறைத்தால் மக்கள் கண்டுகொள்வார்களா, கண்டுகொண்டால் வெறுப்பார்களா? விடை காணச் சிலரை அழைத்து, பழைய கலவையையும் புதிய கலவையையும் சுவைக்கச் சொல்லி, மதிப்பெண் கேட்கிறார்கள். பள்ளிகளிலும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளிலும் மாணவர்கள் செய்யும் செயல்திட்டங்களில் இதே அமைப்பு அடிக்கடி வருகிறது. அந்த மதிப்பெண்களைத் தவறான சோதனையில் இட்டால் இரண்டில் ஒரு பிழை நேரும். உண்மையில் மக்கள் விரும்பாத கலவையை, ‘வேறுபாடு இல்லை’ என்று சந்தைக்கு அனுப்பிவிடுவோம். அல்லது மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய, உடலுக்கு நன்மையான கலவையைக் கைவிட்டுப் பழைய சர்க்கரைக்கே திரும்பிவிடுவோம்.

எண்ணுக்குள் இருப்பது என்ன?

1946ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர் அளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. பேருந்தின் தடஎண் பெயர் அளவை. 67ஆம் எண் பேருந்து 66ஆம் எண்ணை விடப் பெரியதன்று. வகுப்பில் முதல் மாணவர், இரண்டாம் மாணவர், மூன்றாம் மாணவர் என்பது வரிசை அளவை. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஒரு மதிப்பெண் வேறுபாடும், இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே இருபது மதிப்பெண் வேறுபாடும் இருக்கலாம். வரிசை எண் அதைச் சொல்லாது. செல்சியஸ் வெப்பநிலை இடைவெளி அளவை. எடையும் நீளமும் விகித அளவை.

சுவைப் படிவத்தில் வரும் எண்கள் வரிசை அளவையைச் சேர்ந்தவை. ‘சற்றும் பிடிக்கவில்லை’ 1, ‘பிடிக்கவில்லை’ 2, ‘இரண்டுமில்லை’ 3, ‘பிடித்தது’ 4, ‘மிகவும் பிடித்தது’ 5 என்று வைத்துக்கொள்வோம். 5 என்பது 4ஐ விட மேலானது, ஐயமில்லை. ஆனால் 4இலிருந்து 5க்கு ஏறும் படியும் 2இலிருந்து 3க்கு ஏறும் படியும் ஒரே உயரம் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. உணவுத் துறையில் பெரிதும் வழங்கும் ஒன்பது படி விருப்ப அளவுகோல், 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் சிகாகோவில் அமெரிக்க இராணுவத்தின் உணவு ஆய்வு நிலையத்தில் டேவிட் பெர்யமும் அவருடைய துணைவர்களும் உருவாக்கியது. படைவீரர்களின் உணவு விருப்பத்தை அறிய எழுந்த அந்த அளவுகோலிலும் அடிப்படையில் சொற்கள்தாம் இருக்கின்றன. எண்கள் பின்னர் ஒட்டப்பட்டவை.

அளவுகோலை நீட்டிப் பார்த்தல்

எண்களில் வரிசை மட்டுமே உண்மை என்றால், வரிசையைக் குலைக்காமல் எண்களை மாற்றினாலும் நம் முடிவு மாறக்கூடாது. இந்த எளிய உரைகல்லை இன்றைய பேச்சு முழுவதும் கையில் வைத்திருப்போம்.

ஒரு கற்பனைக் கணக்கு. நால்வர் அ, ஆ என்ற இரு பானங்களைச் சுவைக்கிறார்கள். அ பானத்திற்கு நால்வரும் 3 தருகிறார்கள். ஆ பானத்திற்கு மூவர் 2 தருகிறார்கள், ஒருவர் 5 தருகிறார். சராசரி பார்த்தால் அ பானத்திற்கு 3, ஆ பானத்திற்கு 2.75. அ வென்றது. இப்போது ‘மிகவும் பிடித்தது’ என்ற சொல்லுக்கு 5 என்று எழுதாமல் 10 என்று எழுதுவோம். 1, 2, 3, 4, 10. வரிசை சிறிதும் மாறவில்லை, எவரும் தம் கருத்தை மாற்றவும் இல்லை. ஆயினும் ஆ பானத்தின் சராசரி 4 ஆகிவிடுகிறது, வெற்றியும் இடம் மாறுகிறது. முதல் முடிவும் இரண்டாம் முடிவும் சுவைத்தவர்களிடமிருந்து வந்தவை அல்ல. படிவத்தை அச்சிட்டவர் தேர்ந்த எண்களிலிருந்து வந்தவை.

ஆனால் வேறொரு வினாவைக் கேளுங்கள்: நால்வரில் எத்தனை பேர் அ பானத்தை ஆ பானத்தை விட மேலாக மதித்தார்கள்? மூவர். உச்சிக்கு 5 எழுதினாலும் மூவர், 10 எழுதினாலும் மூவர், 1000 எழுதினாலும் மூவர். அளவுகோலை நீட்டினாலும் சுருக்கினாலும் நிலைத்து நிற்கும் விடை இது.

இதைக் கேட்டவுடன் சராசரியே கூடாது என்ற கண்டிப்பான முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வரிசை அளவைக்குச் சராசரி பொருந்தாது என்று எழுதிய ஸ்டீவன்ஸே, நடைமுறையில் அதனால் பயன் விளைவதுண்டு என்றும் ஒப்புக்கொண்டார். சுவைப்போர் பலராக இருந்து, மதிப்பெண்கள் ஓரத்தில் குவியாமல் பரவியிருந்தால், சராசரிவழிச் சோதனையும் வரிசைவழிச் சோதனையும் பெரும்பாலும் ஒரே முடிவைத்தான் சொல்லும். அவை முரண்படும் போது எதை நம்புவது என்பதே சிக்கல். அப்போது நீட்டலுக்கு அசையாத விடையை நம்புவது பாதுகாப்பானது.

ஒருவரே இருமுறை சுவைத்தால்

பொருள் மதிப்பீட்டின் இரண்டாவது இயல்புக்கு வருவோம். பெரும்பாலும் ஒரே ஆள் எல்லாக் கலவைகளையும் சுவைக்கிறார். ஆகவே மதிப்பெண்கள் தனித்தனி ஆட்களின் கருத்துகளாக வருவதில்லை. ஓர் ஆளுக்கு இரண்டோ மூன்றோ என்று கட்டுக்கட்டாக வருகின்றன.

தேக்கா சந்தைப் பக்கம் பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டு வாங்குகிறோம். ஒரு கடைக்காரரின் முழம் மற்றவர் முழத்தைவிட நீளமாக இருக்கும். ஒருவர் தரும் இரண்டு முழத்தையும் வேறொருவர் தரும் இரண்டு முழத்தையும் சமமென்று கொள்ள முடியாது. ஆனால் ஒரே கை இரண்டு சரங்களை அளந்து, “இது நீளம், அது குட்டை” என்று சொன்னால் அதை நம்பலாம். சுவைப்பவர்களும் அப்படித்தான். தாராளமாக 5 போடுபவர் ஒருவர், எதற்கும் 3க்கு மேல் போகாதவர் ஒருவர். இருவரையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது வீண். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட வேண்டும்.

மற்றொரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர், பழைய தேநீர்க் கலவையையும் சர்க்கரை குறைத்த புதிய கலவையையும் சுவைக்கிறார்கள். மேல் வரியிலும் கீழ் வரியிலும் ஒரே இடத்தில் நிற்கும் எண்கள் ஒரே ஆளுடையவை.

பழையது: 5, 5, 4, 4, 4, 3, 3, 3, 2, 2
புதியது: 4, 4, 3, 4, 3, 2, 2, 3, 1, 2

இவர்களை இருபது தனி மனிதர்களாகக் கருதி, தனித்தனிக் குழுக்களுக்கு உரிய மான்–விட்னி சோதனையில் இட்டால், பி-மதிப்பு ஏறத்தாழ 0.2 வரும். அதாவது, உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவு இடைவெளியோ அதைவிடப் பெரிதோ தற்செயலாய் ஐந்தில் ஒரு முறை தோன்றும். “வேறுபாட்டுக்குச் சான்றில்லை” என்று அறிக்கை எழுதிவிடலாம்.

இப்போது ஆளுக்கு ஆள் பாருங்கள். ஏழு பேர் பழையதை மேலாக மதித்தார்கள். மூவர் இரண்டையும் சமமாக மதித்தார்கள். புதியதை மேலாக மதித்தவர் ஒருவரும் இல்லை! குறிச் சோதனை இதைத்தான் எண்ணுகிறது. சமமாகச் சொன்ன மூவரை ஒதுக்கிவிட்டு, மீதி எழுவரும் ஒரே பக்கம் சாய்வதற்கு உள்ள தற்செயல் வாய்ப்பைக் கேட்கிறது. நாணயத்தை ஏழு முறை சுண்டி ஏழு முறையும் ஒரே முகம் விழுவதைப் போன்றது அது. 128இல் 2, அதாவது 0.016. அதே எண்கள், அதே மனிதர்கள். இணையைப் பிரித்ததால் முன்பு செய்தி மறைந்திருந்தது. இணையைக் காத்ததும் வெளிப்பட்டது.

குறிச் சோதனை மிகப் பழையது. 1710இல் ஜான் ஆர்பத்நாட், இலண்டன் நகரில் 1629 முதல் 82 ஆண்டுகள் தொடர்ந்து ஆண் குழந்தைகளின் திருமுழுக்குப் பதிவுகள் பெண் குழந்தைகளுடையவற்றைவிட மிகுந்திருந்ததைக் காட்டி, இது தற்செயலாய் நேர்ந்திருக்க முடியாது என்று வாதிட்டார். எத்தனை மிகை என்பதை அவர் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் மிகை என்பதை மட்டுமே பார்த்தார்.

வில்காக்சன் சோதனையில் ஓர் எச்சரிக்கை

வேதியியலாளரான ஃபிராங்க் வில்காக்சன் 1945இல் வெளியிட்ட குறித்தரச் சோதனை, இணை மதிப்பெண்களுக்குப் பல பாடநூல்கள் பரிந்துரைப்பது. ஒவ்வோர் ஆளின் இரு மதிப்பெண்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அந்த வேறுபாடுகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, ஏறுமுகமானவற்றையும் இறங்குமுகமானவற்றையும் தனித்தனியே கூட்டும் முறை அது. குறிச் சோதனையைவிட மிகுதியான செய்தியைப் பயன்படுத்துவதால் பல சமயம் கூர்மையாக இருக்கும்.

ஆனால் நம் உரைகல்லில் அதை உரைத்துப் பார்ப்போம். ஒருவர் அ பானத்திற்கு 5, ஆ பானத்திற்கு 4 தருகிறார். வேறுபாடு 1. இன்னொருவர் அ பானத்திற்கு 1, ஆ பானத்திற்கு 3 தருகிறார். வேறுபாடு 2, எதிர்த்திசையில். வில்காக்சன் முறையில் இரண்டாமவரின் வேறுபாடு பெரியது. உச்சியை 10 என்று எழுதினால் முதலாமவரின் வேறுபாடு 6 ஆகி, அதுவே பெரியதாகிவிடும். ஆகவே இந்தச் சோதனை, வரிசை அளவைக்கு உரியது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், வேறுபாடுகளைத் தம்முள் ஒப்பிடலாம் என்ற கூடுதல் நம்பிக்கையைக் கேட்கிறது. ஒன்பது படி அளவுகோலில் அந்த நம்பிக்கை ஓரளவு ஏற்கத்தக்கது. ஐந்து சொற்கள் மட்டுமே உள்ள படிவத்தில் அதைச் சிந்தித்தே ஏற்க வேண்டும். பயன்படுத்துவதில் தவறில்லை. எந்த நம்பிக்கையின் மேல் நின்று பயன்படுத்துகிறோம் என்பதை மாணவர் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

மூன்றும் அதற்கு மேலும்

கலவைகள் மூன்றோ நான்கோ ஆனால் என்ன செய்வது? பின்னாளில் பொருளியலுக்காக 1976இல் நோபெல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மன், இளம் புள்ளியியலாளராக இருந்த 1937இல் ஒரு வழி காட்டினார். ஒவ்வோர் ஆளின் மதிப்பெண்களையும் அவருக்குள்ளேயே வரிசைப்படுத்து. மிகக் குறைந்ததற்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 3. இரண்டு சமமாக இருந்தால் அவற்றின் இடங்களின் சராசரியைக் கொடு. பிறகு கலவை வாரியாக அந்த இடங்களைக் கூட்டு. கலவைகளுக்குள் வேறுபாடு இல்லையென்றால் கூட்டுத்தொகைகள் ஏறத்தாழ சமமாக இருக்கும்.

ஆறு பேர், மூன்று கலவைகள் என்று வைத்துக்கொள்வோம். அ முழுச் சர்க்கரை, ஆ குறைத்தது, இ மேலும் குறைத்தது. நால்வரின் வரிசை அ 3, ஆ 2, இ 1. ஐந்தாமவர் அ 2, ஆ 3, இ 1. ஆறாமவர் அ 3, ஆ 1, இ 2. கூட்டினால் அ 17, ஆ 12, இ 7. இவற்றின் வர்க்கங்கள் 289, 144, 49. மொத்தம் 482. ஆறு பேருக்கும் மூன்று கலவைகளுக்கும் ஃபிரீட்மன் சூத்திரம், இதை 6ஆல் வகுத்து 72ஐக் கழிக்கச் சொல்கிறது. விடை 8.33. கை-வர்க்க அட்டவணையின் ஐந்து விழுக்காட்டு எல்லை 5.99. இவ்வளவு சிறிய குழுவிற்கென்றே கணித்த அட்டவணையின் எல்லை 7. இரண்டையும் 8.33 தாண்டுகிறது. மூன்று கலவைகளும் ஒரே வரவேற்பைப் பெறவில்லை.

சுவைத்தவர்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைச் சொல்லக் கெண்டாலின் ஒத்திசைவுக் கெழு உண்டு. 8.33ஐ ஆட்களின் எண்ணிக்கை 6ஆலும், கலவைகளில் ஒன்று குறைத்த 2ஆலும் வகுத்தால் 0.69 வருகிறது. 0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை. பி-மதிப்போடு இதையும் எழுதினால் படிப்பவருக்கு உண்மையின் அளவு புரியும்.

ஃபிரீட்மன் சோதனைக்கு ஓர் அரிய குணம் உண்டு. எல்லாருக்கும் பொதுவான அளவுகோலை நீட்டினாலும் அதன் விடை மாறாது. அதோடு, ஆளுக்கொரு விதமாக அளவுகோலை நீட்டினாலும் மாறாது. பூக்கடைக்காரர் ஒவ்வொருவரின் முழமும் வேறாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே இடம் கொடுத்து அமைந்த சோதனை அது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருவர் சற்றே விரும்பினாரா, பெரிதும் விரும்பினாரா என்பதை அது பாராது. கலவைகள் இரண்டே ஆனால் அது குறிச் சோதனையாகவே சுருங்கிவிடும்.

எத்தனை பேர் வேண்டும்?

மாணவர் செயல்திட்டங்களில் பெரும்பாலும் நண்பர்கள் ஐவரை உட்கார வைத்துச் சோதனை முடிந்துவிடுகிறது. குறிச் சோதனையில் ஐவரும் ஒருமனதாக ஒரே கலவையைத் தேர்ந்தாலும் பி-மதிப்பு 32இல் 2, அதாவது 0.0625. வழக்கமான 0.05 எல்லைக்குள் அது வராது. எப்படிப்பட்ட விடை வந்தாலும் எல்லையைத் தொட முடியாத சோதனையைத் தொடங்குவதில் பயனில்லை.

மூன்று கலவைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் மூன்று ஒப்பீடுகள். மூன்று முறை வலைவீசினால் தற்செயலாய் மீன் அகப்படும் வாய்ப்பும் கூடும். ஆகவே எல்லையை மூன்றால் வகுத்து 0.0167 என்று இறுக்குவது பொன்ஃபெரோனி முறை. இதையே படிப்படியாகச் செய்யும் சற்றுத் திறமான முறையை ஹோல்ம் 1979இல் தந்தார். முன்சொன்ன ஆறு பேர் கணக்கில் ஆறு பேரும் அ கலவையை இ கலவையைவிட மேலாக வைத்தார்கள். அதற்குரிய பி-மதிப்பு 0.031. ஒருமனதான தீர்ப்பாயினும் 0.0167க்குள் நுழையவில்லை. மூன்றும் ஒன்றல்ல என்று அந்த ஆறு பேர் காட்டிவிட்டார்கள். எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று இந்த முறையில் சொல்ல இன்னும் ஆட்கள் வேண்டும். இதைச் சோதனைக்கு முன்பே தாளில் கணக்கிட்டுப் பார்த்திருக்கலாம்.

பரிமாறும் வரிசையும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். முதலில் சுவைத்தது பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் பெறும். இனிப்பு மிகுந்ததைத் தொடர்ந்து வருவது இனிப்புக் குறைந்ததாகத் தோன்றும். மூன்று கலவைகளை ஆறு வரிசைகளில் பரிமாறலாம். ஆகவே ஆட்களின் எண்ணிக்கை 12, 18, 24 என்று ஆறின் மடங்காக இருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் அமைவார்கள். எல்லாருக்கும் அ, ஆ, இ என்றே பரிமாறிவிட்டால், கலவையின் விளைவையும் வரிசையின் விளைவையும் பிற்பாடு எந்தச் சோதனையாலும் பிரிக்க முடியாது. கோப்பைகளுக்கு அ, ஆ, இ என்ற பெயர்களும் வேண்டாம். முதலெழுத்து முதலிடத்தை நினைவூட்டும். பொருளற்ற மூவிலக்க எண்களை இடுவதே துறை வழக்கம்.

வேறுபாடு தெரியவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும்

சர்க்கரை குறைப்பவர் உண்மையில் கேட்க விரும்புவது, “இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன” என்ற செய்தியை. பி-மதிப்பு பெரிதாக வந்தால் அந்தச் செய்தி கிடைத்துவிட்டதாக எண்ணுவது பரவலான மயக்கம். பத்துப் பேரில் ஐவர் பழையதையும் ஐவர் புதியதையும் விரும்பினார்கள் என்று கொள்வோம். பார்ப்பதற்கு முழுச் சமம். ஆனால் இந்தப் பத்துப் பேரை வைத்து, மக்களிடையே பழையதை விரும்புவோரின் விழுக்காட்டைக் கணித்தால், 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை ஏறத்தாழ 19 முதல் 81 வரை நீள்கிறது. பத்தில் எட்டுப் பேர் பழையதையே விரும்பும் நிலையும் இந்தத் தரவுக்கு முரணானதன்று. வழக்கறிஞர் மொழியில் சொன்னால், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பாகாது.

சமம் என்று நிறுவ விரும்புவோர், எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். பிறகு நம்பிக்கை எல்லை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆட்கள் பலர் தேவைப்படுவார்கள். குறுக்குவழி இல்லை.

தேர்வின் சுருக்கம்

ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப் போட வசதியாக இதைத் தொகுத்துச் சொல்கிறேன். ஒரே ஆட்கள் இரண்டு கலவைகளைச் சுவைத்தால் குறிச் சோதனை. வேறுபாடுகளை ஒப்பிடலாம் என்று நம்பினால் வில்காக்சன். ஒரே ஆட்கள் மூன்றோ மேலோ சுவைத்தால் ஃபிரீட்மன். சர்க்கரை படிப்படியாகக் குறையும்போது விருப்பமும் படிப்படியாகக் குறைகிறதா என்று முன்கூட்டியே வினவினால், 1963இல் எல்லிஸ் பேஜ் தந்த போக்குச் சோதனை. மதிப்பெண் இல்லாமல் ‘வாங்குவேன்’, ‘வாங்கமாட்டேன்’ என்ற இரண்டே விடைகள் என்றால், இரண்டு கலவைக்கு மெக்நெமர், மூன்றுக்கும் அதற்கு மேலும் கோக்ரன். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கலவையைச் சுவைத்தால் மட்டுமே மான்–விட்னியும் கிரஸ்கல்–வாலிஸும். ஓர் ஆளே ஒவ்வொரு கலவையையும் பலமுறை சுவைத்தாலோ, சிலர் சில கலவைகளைத் தவறவிட்டாலோ, வயதையும் பழக்கத்தையும் சேர்த்து ஆராய வேண்டியிருந்தாலோ, வரிசை மதிப்பெண்களுக்கென்றே 1980இல் மெக்கல்லா விரித்துரைத்த மாதிரியும், அதில் ஆள்வேறுபாட்டைச் சேர்த்துப் பின்னர் வளர்ந்த வடிவங்களும் உதவும். பத்துப் பேர் இருமுறை சுவைத்ததை இருபது பேர் என்று எண்ணுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

எந்தச் சோதனையாயினும் தரவு வருமுன் தேர்ந்துவிட வேண்டும். நான்கு சோதனைகளைச் செய்து பார்த்து, சிறிய பி-மதிப்பைத் தந்ததை மட்டும் அறிக்கையில் வைப்பது, பரிசு விழுந்த சீட்டை மட்டும் காட்டி மற்றவற்றைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

மீண்டும் சொல்லுக்கு

சிங்கப்பூரில் நான்கு அதிகாரத்துவ மொழிகள் வழங்குகின்றன. மலேசியாவிலும் பன்மொழிச் சூழலே. ஒரே சுவைக்குழுவில் ஒருவர் மலாய்ப் படிவத்தையும் ஒருவர் சீனப் படிவத்தையும் ஒருவர் ஆங்கிலப் படிவத்தையும் ஒருவர் தமிழ்ப் படிவத்தையும் நிரப்பக்கூடும். ஒவ்வொரு மொழியிலும் ‘பிடித்தது’ என்பதற்கும் ‘மிகவும் பிடித்தது’ என்பதற்கும் உள்ள தொலைவு வேறு. நம் மொழியில் ‘பரவாயில்லை’ என்ற சொல்லையே பாருங்கள். ஒருவர் வாயில் அது பாராட்டு. இன்னொருவர் வாயில் அது நடுநிலை. விருந்தோம்பியவரின் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர் வாயில் அது மென்மையான மறுப்பு. இந்தச் சொல்லைப் படிவத்தின் நடுவில் வைத்து 3 என்று எண்ணிட்டால், அந்த 3 மூன்று வேறு பொருள்களைச் சுமக்கும்.

எனவே தமிழில் படிவம் எழுதுவோர் இரண்டு கடமைகளை ஏற்க வேண்டும். ஏறுவரிசை எவருக்கும் ஐயமின்றித் தெரியும் சொற்களைத் தேர்ந்தெடுப்பது முதல் கடமை. சொற்களுக்கிடையே உள்ள தொலைவைச் சமப்படுத்த நம்மால் இயலாது. வரிசையைத் தெளிவாக்க இயலும். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டு, வரிசையை மட்டும் நம்பும் சோதனையைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது கடமை. அப்படிச் செய்தால், தாராளமாகப் பேசுபவரும் அளந்து பேசுபவரும், தமிழில் எழுதியவரும் மலாயில் எழுதியவரும், ஒரே கணக்கில் நியாயமாக இடம்பெறுவார்கள்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை மதிப்பெண் அட்டவணை ஒன்று உங்கள் முன் வந்தால் கணினிப் பொத்தானை அழுத்துமுன் இரண்டே வினாக்களைக் கேளுங்கள். இந்த எண்ணைச் சொன்னவர் யார், அவர் வேறு எந்த எண்ணையெல்லாம் சொன்னார்? உச்சியில் 5க்குப் பதில் 10 என்று எழுதியிருந்தால் என் முடிவு நிற்குமா? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் சோதனையின் பெயர் தானே வந்து சேரும். ஆசிரியப் பெருமக்களே, சூத்திரத்தைக் கற்பிக்குமுன் இந்த இரண்டு வினாக்களையும் வகுப்பில் கேட்கப் பழக்குங்கள் என்று வேண்டுகிறேன்.